சின்னான் வளர்த்த காடு

ஹாங்காங்கில் மலைச்சரிவுகளுக்குப் பதிவு எண் உண்டு. சாலைக்காக மலையை வெட்டிய இடங்களில், சிமென்ட் பூசிய சரிவின் அடியில் சிறிய தகடு ஒன்று அறைந்திருக்கும். முதலில் வரைபடத் தாளின் எண். அடுத்து ஓர் எழுத்து: இது வெட்டிய சரிவா, மண் கொட்டி எழுப்பிய மேடா, தாங்குசுவரா என்று அது சொல்லும். கடைசியில் வரிசை எண். இப்படிப் பதிவாகியிருப்பவை ஏறத்தாழ 60,000. மனிதக் கை பட்ட சரிவுகளுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. தானாக நிற்கும் மலைகள் இதில் சேரவில்லை. எந்தச் சரிவைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்பதைக்கூட அந்த எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிடலாம்.

இந்தப் பேரேட்டுக்குப் பின்னால் ஒரு மழை இருக்கிறது. 1972 ஜூன் 18. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, சாவ் மாவ் பிங் என்ற இடத்தில் கொட்டி வைத்த மண்மேடு சரிந்து கீழே இருந்த குடிசைகளை மூடியது. அன்றிரவே துறைமுகத்துக்கு மறுகரையில், வசதியானவர்கள் குடியிருந்த போ ஷான் சாலையில் மலை இறங்கி வந்து ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தையே சாய்த்தது. இரண்டிலும் சேர்த்து 138 பேர் இறந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அதே சாவ் மாவ் பிங்கில் இன்னொரு மேடு சரிந்தது. 1977-ல் அரசு, சரிவுகளைக் கண்காணிக்கவென்றே ஓர் அலுவலகத்தைத் திறந்தது.

மலை நடைபாதைகளைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதைச் சொல்லக் காரணம், அந்த ஊரில் ஏன் இவ்வளவு மலை மீந்திருக்கிறது என்ற கேள்விக்கு விடை அந்தத் தகட்டில் இருப்பதுதான். மொத்த நிலம் சுமார் 1,110 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லையைப் போல இரண்டரை மடங்கு. மக்கள் சுமார் 75 லட்சம். ஆனால் கட்டடம் எழும்பியிருப்பது அந்த நிலத்தின் கால் பங்கில்தான். நாற்பது சதவீதம் சட்டப்படி வனப்பூங்கா. ஐம்பது மாடிக் குடியிருப்பின் பின்பக்கமாக ஏறத் தொடங்கினால் அரை மணி நேரத்தில் பெரணிப் புதருக்குள் நிற்கலாம். ஷாவ் கெய் வான் ரயில் நிலையத்தில் இறங்கி 9-ஆம் எண் பேருந்து பிடித்தால், டிராகன்ஸ் பேக் என்ற மலைமுகட்டின் அடிவாரத்தில் இறக்கி விடுவார்கள். மேலே ஷெக் ஓ சிகரம் 284 மீட்டர்தான். இரண்டு பக்கமும் கடல் தெரியும். இறங்கி முடிக்கும் இடத்தில் ஒரு கடற்கரை. பேருந்துக் கட்டணத்தைத் தவிர வேறு செலவில்லை.

பிரிட்டிஷாரின் தொலைநோக்கால் விளைந்தது இது என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மலையைக் காப்பாற்றியது முதலில் பாறை. பிறகு தண்ணீர்ப் பஞ்சம். சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையிலேயே போகலாம்.

சுமார் 16.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 14 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை, இன்றைய தென்சீனக் கரைக்கு அடியில் கடல்தட்டு ஒன்று செருகிக்கொண்டே இருந்தது. அதன் விளைவாக உருகிய பாறைக்குழம்பு மேலே வந்தது. வெடித்து வெளியே கொட்டியது, எரிமலைச் சாம்பலாகப் படிந்து கல்லாக இறுகியது. வெளியே வர வழியில்லாமல் அடியிலேயே நின்று மெல்லக் குளிர்ந்தது, கிரானைட் ஆனது. பல்லாவரம் மலையின் சார்னோக்கைட் பாறைக்கு வயது 250 கோடி ஆண்டுகள். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஹாங்காங்கின் கற்கள் நேற்றுப் பிறந்தவை.

இந்த இரண்டு கல்லும் ஒரே குழம்பிலிருந்து வந்தவை என்றாலும் வெயிலுக்கும் மழைக்கும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். கிரானைட்டில் படிகங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவை. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம் களிமண்ணாக மாறும். பிடிமானம் போனதும் குவார்ட்ஸ் துகள்கள் உதிர்ந்து மணலாகும். பார்க்கப் பாறைபோல் இருக்கும், அழுத்தினால் கையில் நொறுங்கும். இப்படி மக்கிய கிரானைட், ஹாங்காங்கில் பல இடங்களில் பத்து இருபது மீட்டர் ஆழத்துக்கும் அதற்குக் கீழும் போகிறது. எரிமலைச் சாம்பல் பாறையோ நுண்துகள்களால் ஆனது, நெருக்கமானது. எளிதில் கரையாது.

விளைவை வரைபடத்திலேயே பார்க்கலாம். கௌலூன் தீபகற்பமும் புகழ்பெற்ற துறைமுகமும், சுமார் 11 கிலோமீட்டர் அகலமுள்ள, ஏறக்குறைய வட்டமான ஒரு கிரானைட் திரளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. கிரானைட் கரைந்து தாழ்ந்தது, கடல் உள்ளே வந்தது, துறைமுகம் கிடைத்தது. கப்பல் நின்ற இடத்தில் நகரம் வளர்ந்தது. உயரமான சிகரங்கள், அதாவது 957 மீட்டர் தை மோ ஷான், 934 மீட்டர் லாண்டாவ் சிகரம் போன்றவை, சாம்பல் பாறையால் ஆனவை. விதிவிலக்கு உண்டு. கௌலூனுக்கு மேலே படுத்திருக்கும் லயன் ராக் 495 மீட்டர் உயரம், சுத்தமான கிரானைட். ஆனால் மொத்தத்தில், நகரம் எந்தக் கல்லின் மேல் ஏறும், எந்தக் கல்லைக் கண்டு நின்றுவிடும் என்பது மனிதர் வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகியிருந்தது. செங்குத்தான சரிவில் வீடு கட்டுவதைவிட, மக்கிய கிரானைட்டைத் தோண்டிக் கடலில் கொட்டித் தட்டையான நிலம் உண்டாக்குவது பொறியாளர்களுக்கு லாபமாகப் பட்டது. 70 சதுர கிலோமீட்டர் அளவு நிலம் இப்படிக் கடலிடமிருந்து எடுத்தது. மலை ஏறத் துணிந்த இடங்களில் என்ன நடந்தது என்பதை 1972 சொல்லிவிட்டது.

சாம்பல் பாறையைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க வேண்டுமானால் சாய் குங் தீபகற்பத்தின் கிழக்கு முனைக்குப் போக வேண்டும். மெக்லஹோஸ் பாதை என்ற நெடும் நடைபாதையின் முதல் பகுதி அங்கே ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் கிழக்கு அணையைத் தொடும். அணையின் வெளிப்புறத்தில் பாறை முழுக்கத் தூண் தூணாக நிற்கிறது. பெரும்பாலும் அறுகோணம், சராசரியாக ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டம். 14 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரும் எரிமலை வெடித்து, வாய்ப்பகுதி உள்ளே இடிந்து விழுந்து, அந்தப் பள்ளத்தில் தேங்கிய சூடான சாம்பல் இது. வற்றிய ஏரியின் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடிப்பதைப் போல, குளிரக் குளிரச் சுருங்கி, மேலிருந்து கீழாக வெடித்துக்கொண்டே போயிருக்கிறது. சேற்றில் வெடிப்பு ஒரு முழத்தோடு நின்றுவிடும். இங்கே அது பத்துப் பத்து மீட்டராக இறங்கியது. உலகில் இப்படிப்பட்ட தூண்கள் பெரும்பாலும் கறுப்பு பசால்ட்டில்தான் அமையும். இங்கே சிலிக்கா மிகுந்த, வெளிறிய மஞ்சள் சாம்பலில் அமைந்திருப்பது அபூர்வம். அணைக்கு அருகில் சில தூண்கள் நடுவில் இடுப்பு ஒடித்து, ஆங்கில எஸ் எழுத்துபோல வளைந்து நிற்கின்றன. முழுதாக இறுகும் முன்பே ஏதோ அசைத்திருக்கிறது. அவற்றை ஊடுருவி ஒரு கறுத்த பட்டை ஓடுகிறது; பிற்காலத்தில் விரிசல் வழியே மேலேறிய வேறொரு குழம்பு அது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடியே மூன்று நிகழ்ச்சிகளையும் வரிசையாகப் படித்துவிடலாம். 2011-ல் இந்தப் பகுதி உலகப் புவிப்பூங்காக்களின் பட்டியலில் சேர்ந்தது.

தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண்ணில் படுவது தண்ணீர். அடுத்த காரணம் அதுதான்.

ஹாங்காங்கில் பெரிய ஆறு இல்லை. மழை உண்டு, ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கும் மேல்; ஆனால் செங்குத்துச் சரிவில் விழுந்து சில மணி நேரத்தில் கடலுக்கு ஓடிவிடும். 1863-ல் போக் ஃபு லாம் என்ற இடத்தில் முதல் நீர்த்தேக்கம். 1888-ல் தை டாம். 1930-களில் ஷிங் முன். மக்கள்தொகை ஓடிய வேகத்துக்கு எதுவும் ஈடுகொடுக்கவில்லை. 1963 ஜூனில் நிலைமை முற்றி, நான்கு நாளுக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் மட்டும் தண்ணீர் விட்டார்கள். 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு லாரிக்கு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1965-ல் எல்லைக்கு அப்பாலிருந்து டோங் ஆற்று நீர் குழாயில் வரத் தொடங்கியது. இன்று பெரும்பங்கு அதுதான். ஆனாலும் சீனாவை மட்டும் நம்பியிருக்க அன்றைய அரசுக்கு மனமில்லை. 1968-ல் ப்ளோவர் கோவ் என்ற கடல் விரிகுடாவின் வாயை அணை கட்டி அடைத்து, உப்புநீரை இறைத்து வெளியேற்றி, நன்னீர் ஏரியாக்கினார்கள். 1978-ல் சாய் குங்கில் ஒரு தீவுக்கும் கரைக்கும் இடையிலிருந்த கடல்காலின் இரு முனைகளையும் அடைத்தார்கள். தூண்களுக்கு எதிரே கிடக்கும் ஹை ஐலண்ட் நீர்த்தேக்கம் அதுவே.

நீர்த்தேக்கம் இருந்தால் அதற்கு மழை இறங்கி வரும் மலையும் வேண்டும். அந்த மலையில் வீடும் சாக்கடையும் இருக்கக் கூடாது. மண் அரித்து ஏரி தூர்ந்துவிடாமல் மரம் இருக்க வேண்டும். ஆக, நீர்வழங்கல் துறையின் பயத்தால் பெரும் பரப்புகள் காலியாகக் கிடந்தன. ஷிங் முன் ஏரிக்காக அங்கிருந்த ஹக்கா மக்களின் ஊர்களையே கிளப்பி வேறிடம் அனுப்பினார்கள். 1977 ஜூனில் முதல் மூன்று வனப்பூங்காக்கள் அறிவிக்கப்பட்டபோது அவற்றில் இரண்டு, ஷிங் முன்னும் காம் ஷானும், ஏற்கெனவே நீர்ப்பிடிப்புப் பகுதிகள். இன்னொரு சான்று காலடியிலேயே கிடைக்கும். ஹாங்காங்கின் பல பாதைகளில் திடீரென்று ஏற்றமே இல்லாத நீண்ட தட்டைப் பகுதி வரும். பக்கத்திலேயே ஆளுயர சிமென்ட் கால்வாய் மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். சரிவில் வழியும் மழைநீரை மறித்து ஏரிக்குத் திருப்பும் வாய்க்கால் அது. துப்புரவுப் பணியாளர்களுக்காகப் போட்ட தடத்தில்தான் இன்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்கிறது.

சட்டத்துக்கு அதன் பங்கைக் கொடுக்காமல் விட முடியாது. 1965-ல் அமெரிக்கச் சூழலியலாளர்களான லீ டால்பட், மார்த்தா டால்பட் தம்பதி, மலைப்பகுதிகளைப் பாதுகாக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தார்கள். 1967-ல் நகரில் கலவரம் வெடித்தது. அடைசலில் வாழும் இளைஞர்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் காதில் ஏறியது. நடப்பதில் பிரியம் கொண்ட முர்ரே மெக்லஹோஸ் 1971-ல் ஆளுநராக வந்தார். 1976-ல் வனப்பூங்காச் சட்டம். 1979-க்குள் 21 பூங்காக்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவர் பெயரிலேயே 100 கிலோமீட்டர் நீளப் பாதை, சாய் குங்கில் தொடங்கி மேற்கே துன் முன்வரை, பத்துப் பகுதிகளாகத் திறந்தது. பூங்காக்களின் எண்ணிக்கை 2024-ல் 25 ஆனது.

இனி அந்த மலைகளின் மேல் நிற்கும் காட்டுக்கு வருவோம். அங்கே போகிறவர்களில் பலர் ஆதிகாட்டின் எச்சத்தில் நடப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தக் காட்டின் பெரும்பகுதி, அதில் நடக்கும் முதியவர்களைவிட இளையது.

1841-ல் பிரிட்டிஷ் கொடி ஏறியபோது வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் இப்படியொரு மொட்டைத் தீவை எதற்கு வாங்கினீர்கள் என்று சலித்துக்கொண்டார். மரம் உண்மையிலேயே சொற்பம். நூற்றாண்டுக் கணக்கில் ஊரார் மலையிலிருந்து விறகும் புல்லும் அறுத்து அடுப்பெரித்திருந்தார்கள். 1870-களிலிருந்து அரசு பைன் நட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். 1945-ல் அவர்கள் போனபோது, நட்டதில் பெரும்பகுதி எரிபொருளாகப் போயிருந்தது. போருக்குப் பின் மறுபடி நட்டார்கள்: தைவானிலிருந்து வந்த ஒரு வேலமர இனம், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் பாக்ஸ், அமெரிக்கப் பைன். உள்ளூர்ப் பைனை 1970-களின் இறுதியிலிருந்து வெளியூர்ப் புழு ஒன்று கொன்று தீர்த்தது. மரத்தின் நீர்க்குழல்களை அடைக்கும் நூற்புழு. மரத்துக்கு மரம் அதைச் சுமந்தது ஒரு நீளக்கொம்பு வண்டு.

இதற்கிடையில் இரண்டு மாற்றங்கள் சத்தமில்லாமல் நடந்தன. வீடுகளுக்கு மண்ணெண்ணெயும் பிறகு எரிவாயுவும் வந்தன. விறகு வெட்டப் போகிறவர் இல்லாமல் போனார்கள். மலையடிவாரத்து வயல்களை விட்டு இளைஞர்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். வெட்டுகிற கை நின்றதும், புல்வெளியில் புதர் ஏறியது. யாரும் நடாத இடங்களிலும் மரம் எழுந்தது. யார் விதைத்தார்கள்?

பெரும்பாலும் சின்னான் குருவிகள். செம்மீசைச் சின்னான், சீனச் சின்னான் என இரண்டு இனங்கள். முதலாவதை நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் போனவர்கள் கட்டாயம் பார்த்திருப்பார்கள்: கறுப்புக் கொண்டை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு, தோட்டத்து வேலியில் உட்கார்ந்து ஓயாத பேச்சு. ஹாங்காங்கில் இவை நகரத்துக்குள்ளும் மலையிலும் ஏராளம். பழத்தை முழுதாக விழுங்கும், சதையைச் செரிக்கும், கொஞ்ச நேரம் கழித்து வேறெங்கோ உட்கார்ந்து விதையை எச்சத்தோடு போடும். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய சூழலியலாளர் ரிச்சர்ட் கார்லெட், எந்த மரத்தின் விதையை எந்த உயிர் சுமக்கிறது என்று இனம் இனமாகத் தேடியவர். அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர் சின்னான்தான்.

சின்னான் உட்காரும் இடத்தில்தான் விதை விழும். வெறும் புல்லில் அது உட்காராது. ஒரு பாறாங்கல், தனித்த ஒரு புதர் இருந்தால் போதும்; அதன் அடியில் நாற்றுகள் கூட்டமாக முளைக்கும். புல்லுக்குள் முதலில் துணிந்து வரும் புதர்களில் ஒன்று, நீலகிரியில் தவிட்டுக்கொய்யா என்று பறித்துத் தின்னும் அதே செடி. ஊதாநிறப் பழம், உள்ளே பொடி விதைகள். இங்கும் அங்கும் ஒரே இனம். அதன் மேல் உட்கார்ந்த குருவி, பள்ளத்தாக்கு ஓடைக்கரையிலிருந்து இலவங்கக் குடும்பத்து மரங்களின் விதையைக் கொண்டுவந்து போடும். பத்து இருபது ஆண்டில் தவிட்டுக்கொய்யா நிழலில் அடங்கிப்போகும்.

நீலகிரியை இங்கே இழுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இரண்டு ஊரிலும் மலைமேல் புல்வெளி, பள்ளத்தாக்கில் காடு, நடுவே வேற்றுநாட்டு வேலமரமும் பைனும். நிழற்படத்தில் பிரித்தறிவது கடினம். ஆனால் நீலகிரியின் சோலைப்புல்வெளி மிகத் தொன்மையான இயற்கை அமைப்பு. அதில் வேலமரம் நட்டது பெருங்கேடு. ஹாங்காங்கின் புல்வெளியில் பெரும்பகுதி, வெட்டியும் எரித்தும் மனிதர் உண்டாக்கிய காயம். அதில் அதே குடும்பத்து வேலமரம் நட்டது, அரைகுறையானாலும், சிகிச்சை. புல்வெளியைக் கண்டதும் மரம் நடக் கிளம்புகிறவர்கள் முதலில் அந்தப் புல்லின் வரலாற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்றும் அங்கே புல் நிலைத்திருப்பதற்கு முதன்மைக் காரணம் நெருப்பு. ஏப்ரல் தொடக்கத்தில் சிங் மிங், இலையுதிர் காலத்தில் சுங் யுங் என்று முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து வழிபடும் இரண்டு நாட்கள் உண்டு. கல்லறைகள் மலைச்சரிவில். ஊதுபத்தியும் காகிதக் காணிக்கையும் எரிப்பார்கள். காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். தீ மேல்நோக்கி ஓடும். முகடு எரியும், ஈரமான பள்ளத்தாக்கு தப்பும். அதனால்தான் நடைபாதைகளில் மேலே போகப் போக நிழல் குறைந்துகொண்டே வரும். கோடையில் மலையேறி வெப்பத்தில் மயங்கி விழுகிறவர்களின் கதைக்கும் வேர் இதில் இருக்கிறது.

சின்னானை அளவுக்கு மீறிப் புகழ்ந்தும் பயனில்லை. அதன் வாய் திறப்பு சுமார் 12, 13 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிய விதையை அது விழுங்க முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய விதைகளைச் சுமக்க இருவாச்சி இருக்கிறது. ஹாங்காங்கில் அந்த அளவுப் பறவை எதுவும் இல்லை. மரநாயும் புனுகுப்பூனையும் இரவில் ஓரளவு பெரிய விதைகளைச் சுமக்கின்றன. குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால், நம்மூரிலும் உள்ள அதே இனம், விசிறிப்பனை இலையை மடித்துக் கூடாரமாக்கி அதனடியில் தொங்குகிறது. பழத்தைக் கவ்விக்கொண்டு போனாலும் விழுங்குவது பொடி விதையை மட்டும்தான். ஆகவே புதிய காட்டில் சிறு பழ மரங்கள் பெருகின. கருவாலி, செஸ்நட் வகைகள் போன்ற கனத்த கொட்டை மரங்கள், பழைய காடு மிச்சமிருந்த மூலைகளை விட்டு வெளியே வரவே இல்லை.

அந்த மூலைகளில் முக்கியமானவை ஃபெங் ஷுய் காடுகள். பழைய கிராமங்களின் பின்னால், பிறைவடிவில், ஊருக்கு நன்மை சேர்க்கும் என்ற நம்பிக்கையில் வெட்டாமல் விட்டவை. நம் கோயில்காடுகளைப் போலவே அளவில் சிறியவை, இனங்களில் செழித்தவை. ஷிங் முன்னில் ஊர்கள் போன பின்னும் அவற்றின் காடு நிற்கிறது. அகில் தரும் மரமும் இவற்றில் உண்டு. அதற்காகவே திருட்டு வெட்டும் நடக்கிறது.

விலங்குகளில் போனவை போய்விட்டன. 1915-ல் ஷியுங் ஷுய் அருகே ஒரு புலி, சுடப்படும் முன் இரண்டு காவலர்களைக் கொன்றது. 1942-ல் ஸ்டான்லியில் சுட்ட புலியின் தோல் அங்கே கோயிலில் தொங்குகிறது. சிறுத்தையும் செந்நாயும் இல்லை. காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, கேளையாடு, அருகிக்கொண்டிருக்கும் அலங்கு, ஆளைவிட நீளமான பர்மிய மலைப்பாம்பு எல்லாம் இன்னும் உண்டு. காம் ஷான் பக்கம் போனால் குரங்கு. முதலில் அங்கே குரங்கை விட்டது நீர்த்தேக்கக்காரர்கள்தான் என்று ஒரு கதை: கரையோரம் வளர்ந்த, நம் எட்டிக்கு உறவான நச்சுக்கொடியின் பழங்கள் குடிநீரில் விழாமல் அவை தின்று தீர்க்குமாம். கதை எப்படியோ, பிறகு மனிதர் ஊட்டி வளர்த்ததில் கூட்டம் பெருகியது. 1999 முதல் உணவு கொடுக்கத் தடை. குரங்குகளுக்குக் கருத்தடையும் செய்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஒரு தவளை. ரோமர் மரத்தவளை, ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர். கட்டைவிரல் நகத்தில் உட்காரும். உலகில் ஹாங்காங்கைத் தவிர வேறெங்கும் கிடையாது. 1952-ல் ஜான் ரோமர் லாம்மா தீவில் ஒரு குகையில் கண்டார். அடுத்த ஆண்டு குகை இடிந்தது; அழிந்தது என்றே எண்ணினார்கள். 1984-ல் மறுபடி அகப்பட்டது. பிறகு செக் லாப் காக் தீவில் இருப்பதும் தெரியவந்தது. ஆனால் அந்தத் தீவை மட்டமாக்கித்தான் புதிய விமான நிலையம் கட்டவிருந்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட தவளைகளைப் பிடித்து, வளர்த்துப் பெருக்கி, வனப்பூங்காக்களில் வெவ்வேறு இடங்களில் விட்டார்கள். பெரும்பாலான இடங்களில் தங்கிவிட்டன. மழைக்கால மாலையில் பூச்சி கத்துவதுபோல் ஒரு கிரீச்சொலி கேட்டால், அது பூச்சியாக இல்லாமல் இருக்க வாய்ப்புண்டு.

பாதையைப் பற்றியும் கொஞ்சம். மெக்லஹோஸ் பாதையில் ஒவ்வொரு 500 மீட்டருக்கும் ஒரு கம்பம் நிற்கும். 100 கிலோமீட்டருக்கு 200. ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணும் வரைபடக் குறியீடும். வழி தவறியவரோ கால் முறிந்தவரோ தொலைபேசியில் கடைசியாகப் பார்த்த கம்பத்தின் எண்ணைச் சொன்னால் போதும். மலைக்கு அழகில்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான உயிர்காப்பு வேறில்லை. 1981-ல் கூர்க்காப் படையினர் தங்கள் பயிற்சிக்காக இந்த முழுப் பாதையையும் அணியணியாக நடந்து முடிக்கும் பந்தயத்தைத் தொடங்கினார்கள். 1986 முதல் அது பொதுமக்களுக்கான நன்கொடை நடையாகி, டிரெயில்வாக்கர் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் போய்விட்டது. நால்வர் அணி, 48 மணி நேரம்.

கால்கள் பாதைக்குச் செய்வதும் பாறையைப் பொறுத்ததே. பாதையின் மேற்குப் பகுதி, தை லாம் பக்கம், மக்கிய கிரானைட் நிலம். ஆயிரம் செருப்புகள் மண்ணை இறுக்கினால் மழைநீர் உள்ளே போகாது, பாதையே ஓடையாகும், அடுத்த மழைக்கு முழங்காலளவு பள்ளம். ஆட்கள் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள், பாதை அகலும், ஓரத்துச் செடி சாகும். ஆண்டுக்கு ஒரு கோடிப் பேருக்கு மேல் வரும் இடத்தில் இது சிறிய பிரச்சினை இல்லை. அரசின் பழைய மருந்து சிமென்ட். நடப்பவர்கள் கொதித்தார்கள்: சிமென்ட் முழங்காலுக்கும் கெடுதல், ஓரத்து அரிப்பையும் நிறுத்தாது. இப்போது அங்கங்கே கல் பதித்துப் படிகட்டுகிறார்கள், தன்னார்வலர்களும் வந்து கல் சுமக்கிறார்கள். 2017 முடிவதற்குள் பாதையோரக் குப்பைத்தொட்டிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். தொட்டி இருந்தால் குப்பை சேரும், குப்பைக்குப் பன்றியும் குரங்கும் சேரும். உங்கள் குப்பையை நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். பெரும்பாலானோர் கொண்டுபோகிறார்கள்.

இவ்வளவு மலையைச் சும்மா வைத்துக்கொண்டு மக்களைப் பெட்டிக்குள் அடைப்பது நியாயமா என்று கேட்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். கேள்வியைப் புறந்தள்ள முடியாது. ஒரே வீட்டைப் பலகையால் தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்ட அறைகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். 2017-ல் இரண்டு பூங்காக்களின் விளிம்பில் வீடு கட்டலாமா என்று அரசே ஆராயச் சொன்னது. என் கணிப்பில், சரிவும் மண்ணும் அனுமதிக்கும் துண்டு நிலத்தில் கிடைக்கும் வீடுகள் பற்றாக்குறையில் ஒரு சிறு மூலையைத்தான் அடைக்கும். பெட்டி அறைக்குள் இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை இலவசமாகக் கிடைக்கும் ஒரே விசாலமான இடம் மட்டும் குறுகும். நில விலையும் ஏலக் கொள்கையும் அப்படியே இருக்க, மலையைக் குற்றவாளியாக்குவது வசதியான திசைதிருப்பல்.

காட்டுக்கோ அவசரம் வேறு. போருக்குப் பின் நட்ட தைவான் வேலமரங்களுக்கு வயதாகிவிட்டது. 2018-ல் மங்குட் சூறாவளி அடித்தபோது நகரிலும் மலையிலும் ஏராளமான மரங்கள் விழுந்தன. மூப்பெய்திய மரங்களுக்கு நடுவே உள்ளூர் இனங்களை நடும் திட்டம் 2016-லேயே தொடங்கியிருந்தது. தை மோ ஷான் சரிவில், 1950-களில் அகதி விவசாயிகளுக்குக் கைகொடுக்கப் பிறந்த கடூரி பண்ணை, இப்போது உள்ளூர் விதைகளைச் சேகரித்து நாற்றுவிடுகிறது. காற்றும் புல்லும் அமுக்காமலிருக்க ஒவ்வொரு கன்றுக்கும் ஓர் உறை மாட்டி நடுகிறார்கள். சின்னானால் சுமக்க முடியாத கருவாலியும் செஸ்நட்டும் அந்தக் கன்றுகளில் உண்டு.

அவை வளர்ந்து காய்க்கும்போது கொட்டைகளை யார் தூக்கிப்போய்ப் புதைப்பது என்பது சிக்கலான கேள்வி. உள்ளூர் எலிகள் கொஞ்சம் செய்யலாம். இன்னொரு வேட்பாளர், செல்லப் பிராணியாக வந்து கூண்டிலிருந்து தப்பிய செவ்வயிற்று அணில். ஹாங்காங் அதன் சொந்த ஊர் இல்லை. ஆனால் தன் சொந்த ஊரில் கருவாலிக் கொட்டைகளைக் குளிர்காலத்துக்குப் புதைத்து வைக்கும் பழக்கம் அதற்கு உண்டு. அந்நிய இனம் என்று விரட்டுவதா, ஆள் இல்லாத வேலைக்கு வந்த ஆள் என்று விட்டுவிடுவதா என்பதில் சூழலியலாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை வருவது கடினம். அணில் இதற்குள் ஹாங்காங் தீவு முழுக்கப் பரவிவிட்டது.